வேலையிடத்தில் பொய்யான திருட்டுப் பழி: சட்டப்படி என்ன செய்யலாம்?

கல்லாவில் பணமோ கிடங்கில் சரக்கோ குறைந்தால், ஓர் ஊழியரைத் தனியறையில் உட்கார வைத்து, "எடுத்தேன் என்று எழுதிக் கொடு, போலீசுக்குப் போக மாட்டோம்" என்று நெருக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக் கடைகளிலும் நிறுவனங்களிலும் உண்டு. எடுக்காதவர் அந்தத் தாளில் கையெழுத்திடவே கூடாது. ராஜினாமா கடிதத்திலும் வெற்றுத்தாளிலும் கூடாது. மிரட்டி வாங்கிய ஒப்புதல் குற்ற வழக்கில் செல்லாது என்றாலும், மிரட்டல் நடந்ததைக் காட்டும் பாடு ஊழியர் தலையில்தான் விழும். வெளியே விடாமல் அடைத்து வைப்பது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவின்படி குற்றம். பயந்து ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால், எப்போது, யார் முன்னிலையில், எப்படி எழுத வைத்தார்கள் என்பதை விவரித்து, மறுநாளுக்குள் ஸ்பீடு போஸ்டில் மறுப்பு அனுப்புங்கள். கேமரா பதிவுகள் விரைவில் அழிந்துவிடும் என்பதால், அந்த நேரத்துப் பதிவைப் பாதுகாக்கும்படி அதே கடிதத்தில் கேளுங்கள்.

குற்றச்சாட்டுக்கு விளக்கம் கேட்டு நிர்வாகத்தின் மெமோ வந்தால் கெடுவுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். உள்விசாரணையில் ஆவணங்களைப் பார்க்கவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், உங்கள் தரப்புச் சாட்சியை நிறுத்தவும் உரிமை உண்டு. இடைநீக்கக் காலத்தில் தொழிலாளர்களுக்கு முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகத் தரப்பட வேண்டும். இதைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள். கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி ஒருவர், 1985இல் வீட்டுச் சோதனையில் தங்கம் சிக்கியதாகக் கூறி இடைநீக்கம் செய்யப்பட்டார். பிழைப்பூதியம் தரப்படாததால் கேரளத்திலிருந்து விசாரணைக்கு வர அவரால் முடியவில்லை. அவர் இல்லாமலே விசாரணையை முடித்து 1986இல் நீக்கினார்கள். 1987இல் குற்ற நீதிமன்றம் அவரை விடுவித்த பின்னும், 1999இல் உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் வேலை திரும்பக் கிடைத்தது. ஊதியமின்றி வர இயலாதவரை விட்டுவிட்டு நடத்திய விசாரணை செல்லாது என்பது அத்தீர்ப்பின் முக்கியக் காரணங்களுள் ஒன்று.

கடை ஊழியரானால், ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து பணிபுரிந்தவரைத் தக்க காரணமின்றி நீக்குவதைத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு தடுக்கிறது. நீக்கப்பட்டால் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். ஆலைத் தொழிலாளி தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுக் கொடுத்து, 45 நாளில் தீர்வு வராவிட்டால் தொழில் தீர்ப்பாயத்துக்கு நேரே போகலாம். இரண்டுக்கும் காலக்கெடு உண்டு, தள்ளிப் போடாதீர்கள்.

புகார் காவல் நிலையத்துக்குப் போனால், ஊழியர் செய்த திருட்டுக்கு அதே சன்ஹிதாவின் 306ஆம் பிரிவில் ஏழாண்டு வரை தண்டனை இருப்பதால் வழக்கறிஞர் இல்லாமல் எதையும் சொல்ல வேண்டாம். ஆனால் ஏழாண்டுக்கு மேற்படாத குற்றம் என்பதால், கைது ஏன் தேவை என்ற காரணத்தைப் போலீஸ் பதிவு செய்தாக வேண்டும். சம்மன் வந்தால் தவறாமல் ஆஜராகுங்கள். கைது அச்சம் இருந்தால் செஷன்ஸ் நீதிமன்றத்தில் முன்ஜாமீன் கேட்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். இலவச சட்ட உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 15100.

நல்லெண்ணத்தோடு காவல் துறையிடம் தந்த புகார் அவதூறாகாது. உங்கள் படத்தோடு "திருடன்" என்று வாட்ஸ்அப் குழுவில் பரப்பியிருந்தால் அதே சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்கீழ் அவதூறு வழக்குத் தொடுக்கலாம். அந்தச் செய்தியை அவர்கள் அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைப் பெற்ற ஒருவரைச் சாட்சியாகக் குறித்து வையுங்கள்.