வீடியோ கேம் வழியாகப் பழகக் கற்றுத்தருவது: எங்கே தவறுகிறோம்?

"கேம் ஆடினா பையன் நாலு பேரோட பழகக் கத்துக்குவானாமே, எந்த கேம் வாங்கட்டுங்க?" சேலத்தில் எங்களைப் போன்ற சிறப்பாசிரியர்களிடம் பெற்றோர் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முதல் பாதி ஓரளவு சரிதான். டிஸ்லெக்ஸியா (எழுத்தைப் படிப்பதில் சிரமம்), ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் துறுதுறுப்பும்), ஆட்டிசம் (பழகுவதிலும் பேச்சிலும் தெரியும் வேறுபாடு) என்று எந்தப் பெயர் சொல்லப்பட்டிருந்தாலும், வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகளில் சிலர் கேம் ஆடும்போது கலகலவென்று பேசுகிறார்கள். அங்கே விதிகள் தெளிவாக இருக்கின்றன. தப்பு செய்தால் திட்டு விழாது, மறுபடி ஆடலாம். இருவர் கண்ணும் திரையில் இருப்பதால் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய நெருக்கடியும் இல்லை.

இரண்டாவது பாதிதான் வழிதவற வைக்கிறது. எந்த கேமும் தனியாகப் பழகச் சொல்லித் தருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எப்போது பேசுகிறார், எப்போது சும்மா இருக்கிறார், ஆட்டம் முடிந்ததும் பிள்ளையை எங்கே கூட்டிப்போகிறார் என்பதைப் பொறுத்தே பலன் இருக்கும். தவறுகள் நடப்பதும் அங்கேதான்.

கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவது

எல்லோருக்கும் தெரிந்த தவறு, ஆனாலும் எல்லா வீட்டிலும் நடக்கிறது. தனியாக மணிக்கணக்கில் ஆடும் பிள்ளை அந்த கேமில் தேறுவான், அவ்வளவுதான். இருபது நிமிடம் போதும். அந்த இருபது நிமிடமும் பெரியவர் ஒருவர் கூடவே ஆட வேண்டும். அப்பாவுக்கு ஆடத் தெரியாதா? ரொம்ப நல்லது. "இல்லப்பா, இந்த பட்டன்" என்று பொறுமையாகச் சொல்லித்தர வேண்டிய வேலை பையனுக்கு வந்துவிடும். பள்ளியில் எப்போதும் உதவி வாங்கும் இடத்திலேயே நிற்கும் பிள்ளைக்கு இப்படியொரு வாய்ப்பு அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

எதைக் கற்றுத்தருகிறோம் என்று முடிவு செய்யாமல் தொடங்குவது

"பழகத் தெரியல" என்ற ஒரு வார்த்தைக்குள் பல சிக்கல்கள் இருக்கும். தன் முறை வரும்வரை காத்திருக்க முடியவில்லையா? தோற்றால் பலகையைக் கவிழ்க்கிறானா? உதவி கேட்கத் தெரியவில்லையா? தனக்குத் தெரிந்ததெல்லாம் எதிரில் இருப்பவருக்கும் தெரியும் என்று நினைத்து, கதையைப் பாதியிலிருந்து சொல்கிறாளா? இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கேமைத் தேடுவது அதற்கு அப்புறம்.

காத்திருப்பதற்கும் தோற்பதற்கும் லூடோ கிங் போதும். 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு ஆடியதால் பாட்டிக்குக்கூட அது தெரிந்திருக்கும். ஆனால் ஒரே போனைக் கைமாற்றி ஆட வேண்டும். ஆளுக்கொரு போனில் ஆடினால், காத்திருக்கும் நேரத்தில் பையன் வேறு எதையாவது திறந்துவிடுவான்.

வேலையைப் பங்கு போடவும் கேட்டு வாங்கவும் பழக வேண்டுமென்றால், 2016-ல் வந்த ஓவர்குக்ட் நல்ல தேர்வு. நான்கு பேர் வரை ஒரே சமையலறையில் ஓடியாடி, வரும் ஆர்டருக்குச் சமைத்துக் கொடுக்க வேண்டும். ஒருவர் வெங்காயம் நறுக்க, ஒருவர் சூப் வைக்க, ஒருவர் தட்டு கழுவ வேண்டும். கவனிக்காமல் விட்டால் அடுப்பு தீப்பிடிக்கும். பேசாமல் ஜெயிப்பது கஷ்டம்.

எதிராளியின் இடத்திலிருந்து யோசிக்கப் பழக்குவதற்கு எனக்குப் பிடித்தது, 2015-ல் வெளிவந்த 'கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்'. ஒருவருக்குத் திரையில் வெடிகுண்டு தெரியும். அதைச் செயலிழக்க வைக்கும் கையேடு மற்றவரிடம் இருக்கும். கையேடு வைத்திருப்பவர் குண்டைப் பார்க்கக் கூடாது, குண்டைப் பார்ப்பவர் கையேட்டைப் பார்க்கக் கூடாது. கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அச்செடுத்துக்கொள்ளலாம். குண்டின் ஒரு பகுதியில் விசித்திரமான குறிகள் வரும். ஒரு சிறுமி "அதான் மிஸ், அந்த வளைஞ்சது" என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். கையேட்டில் வளைந்த குறிகள் ஏராளம். "எனக்குத் தெரியலையே கண்ணு" என்றதும் நிறுத்தி யோசித்து, "ஜிலேபிய பாதியில பிச்ச மாதிரி, மேல ஒரு புள்ளி" என்றாள். அந்த யோசனைதான் நமக்கு வேண்டியது. குண்டு வெடித்தால் வெடித்துவிட்டுப் போகட்டும்.

பிள்ளையின் சிரமத்தோடு மோதும் கேமைத் தேர்ந்தெடுப்பது

அதே வெடிகுண்டு கேமில், ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களை வைத்துக் குழப்பும் பகுதி ஒன்று உண்டு. யூ ஆர் (you are), யுவர் (your), யூ'ர் (you're) என்று வரும். டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளையின் கையில் கையேட்டைக் கொடுத்து, கடிகாரத்தையும் ஓடவிட்டால், அது எழுத்துக்கூட்டும் தேர்வாக மாறிவிடும். அந்தப் பிள்ளைக்குத் திரையைக் கொடுங்கள், கையேட்டை நீங்கள் படியுங்கள்.

ஓவர்குக்டில் நேரக்கெடு விரட்டும். சீக்கிரம் பதறிவிடும் பிள்ளைக்கு, பின்னர் வந்த 'ஆல் யூ கேன் ஈட்' தொகுப்பில் அசிஸ்ட் மோட் இருக்கிறது. அதில் நேரத்தைக் கூட்டிவைக்கலாம், முடியாத லெவலைத் தாண்டிப் போகலாம். கட்டைகளை அடுக்கி வீடு கட்டி ஆடும் மைன்கிராஃப்டில் பீஸ்ஃபுல் என்று வைத்துவிட்டால் தாக்கும் அரக்கர்கள் வர மாட்டார்கள். சத்தம் தாங்காத பிள்ளைக்குப் பின்னணி இசையை முதலிலேயே அணைத்துவிடுங்கள். விரல்கள் சொன்னபடி கேட்காத பிள்ளைக்கு வேகமான கேம் வேண்டாம்; முறை வைத்து ஆடும் கேம் கொடுங்கள். 'சவாலா இருந்தாத்தான கத்துக்குவான்' என்று சிலர் கேட்பார்கள். சவால் பழகுவதில் இருக்கட்டும். படிப்பதிலும் பட்டன் அழுத்துவதிலும் சேர்த்து வைத்தால் பிள்ளை எதைத்தான் சமாளிப்பான்?

ஆட்டத்தின் நடுவே பாடம் எடுப்பது

நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறு இது. ஆசிரியர்கள்தான் அதிகம் செய்கிறோம். ஒருமுறை ஒரு பையனும் அவன் அக்காவும் ஓவர்குக்ட் ஆடிக்கொண்டிருந்தார்கள். இவன் "தட்டு! தட்டு!" என்று கத்துகிறான். தட்டு வேண்டுமா, தட்டு இருக்கிறதா என்று அவளுக்குப் புரியவில்லை. சூப் தீய்ந்துபோனது, அக்கா கண்ட்ரோலரைத் தொப்பென்று வைத்தாள். அந்த நேரத்தில் நாம் புகுந்து "இப்படிக் கத்தலாமா? தயவுசெய்துன்னு சொல்லணும்ல?" என்றால் இரண்டு பேரும் ஒன்றுசேர்ந்து நம்மை முறைப்பார்கள்.

லெவல் முடியட்டும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி. "அக்காவுக்கு என்ன சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும்?" உடனே பதில் வராது, காத்திருக்க வேண்டும். அவன் யோசித்துவிட்டு, "அக்கா, சூப் ரெடி, தட்டு கழுவிக் குடு" என்றான். அடுத்த சுற்றில் அதையே சொன்னான், கொஞ்சம் கத்தித்தான். பரவாயில்லை. 'எப்படி உணர்ந்தாய், ஏன் அப்படிச் செய்தாய், இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்' என்று அடுக்கினால் அடுத்த வாரம் கேமே வேண்டாம் என்பான்.

திரையோடு நிறுத்திவிடுவது

மற்றதெல்லாம் சரியாகச் செய்துவிட்டு இதைக் கோட்டைவிடுபவர்களே அதிகம். கேமில் அழகாக முறை வைத்து ஆடும் பையன் பள்ளிக் குழாயடியில் முண்டியடிப்பான். ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்துக்குத் தானாக வந்துவிடாது. இந்தப் பிள்ளைகள் பலருக்கு அது இன்னும் கடினம். ஸ்டோக்ஸ், பேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1977-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். பயிற்சி கொடுத்துவிட்டு, மற்ற இடங்களுக்கும் அது பரவிவிடும் என்று நம்பிக் காத்திருப்பது போதாது. பரவுவதற்கும் சேர்த்தே திட்டம் போட வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

திட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சேலத்தில் தட்டுவடை செட் (தட்டுவடைகளுக்கு நடுவே காய்த் துருவல் வைத்துத் தரும் தின்பண்டம்) கடை இல்லாத தெரு உண்டா? ஓவர்குக்டில் ஆர்டர் வாங்கிச் சமைத்துக் கொடுத்த பிள்ளை, இங்கே ஆர்டர் கொடுக்கும் பக்கம் நிற்கட்டும். ஆனால் நேராக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டிப்போய் நிறுத்தாதீர்கள். கேமில் ஆர்டர்கள் திரையின் மேலே வரிசையாக வந்து நிற்கும், யாரும் குறுக்கே புக மாட்டார்கள். கடையில் வரிசையே கிடையாது. நாலு பக்கமும் கை நீளும், பீட்ரூட்டும் கேரட்டும் துருவி வைத்த தட்டுக்கு மேலேயே காசு கைமாறும், கடைக்கார அக்கா யாரையும் நிமிர்ந்து பார்க்காமலே "உனக்கு என்னப்பா?" என்பார்.

அதனால் கடை திறந்த கையோடு, கூட்டம் சேர்வதற்குள் போங்கள். முதல் நாள் நீங்கள் கேளுங்கள், பிள்ளை பக்கத்தில் நிற்கட்டும். அடுத்த முறை "அக்கா, ஒரு செட், காரம் கம்மியா" என்று பிள்ளை கேட்கட்டும், நீங்கள் தோளை ஒட்டி நில்லுங்கள். அப்புறம் பத்தடி தள்ளி நில்லுங்கள். பிறகு வேறு கடை. அதன் பிறகு கூட்டமான நேரம். 'அக்கா நிமிர்ந்து பாக்கறதுக்கு முன்னாடியே பேசிட்டோம்னா அவங்களுக்குக் கேக்காது, இல்ல? கேம்ல அண்ணன் வேற வேலையா இருந்தப்ப என்ன பண்ணின?' என்று கேமைத் தொட்டுக்காட்டுங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, அவர் திரும்பியதும் கேட்பது இரண்டு இடத்துக்கும் பொதுவான திறமை. அந்த இணைப்பைப் பிள்ளை தானாகப் போட்டுக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரியில் மிதிபடகு எடுத்துப் பாருங்கள். இருவரும் மிதிக்க வேண்டும், திருப்புவதைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றும் பிள்ளையென்றால் இறங்கியதும் படகு வேண்டாம், கொஞ்சம் ஆறட்டும்.

'எல்லாப் பிள்ளை மாதிரி' ஆக்கப் பார்ப்பது

கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், கேட்டதும் சிரிக்க வேண்டும் என்று கேமுக்கு நடுவிலும் பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆட்டிசம் உள்ளவர் மற்றவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவது போலவே மற்றவர்களும் அவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறார்கள் என்று 2012-ல் டேமியன் மில்டன் எழுதினார். அவரே ஆட்டிசம் உள்ள ஆய்வாளர். எனவே கூட ஆடும் அக்காவும் கற்றுக்கொள்ள வேண்டும்: தம்பி பதில் சொல்ல நேரம் எடுப்பான், திரும்பிப் பார்க்காவிட்டாலும் காதில் விழுகிறது.

கனடாவைச் சேர்ந்த ஸ்டூவர்ட் டங்கன் என்ற தந்தை 2013-ல் ஆட்கிராஃப்ட் என்ற மைன்கிராஃப்ட் சர்வரைத் தொடங்கினார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் குடும்பங்களும் யாருடைய கேலியும் இல்லாமல் ஆடுவதற்கான இடம் அது. பிள்ளைகளைத் திருத்துவதைவிட, அவர்களுக்கு ஒத்துவரும் இடத்தை உண்டாக்குவதுதான் அங்கே முதல் வேலையாக இருந்தது.

இன்னும் சில

முகம் தெரியாதவர்களோடு வாய்ஸ் சாட் வேண்டவே வேண்டாம். சொன்னதை அப்படியே நம்பும் பிள்ளைகளை ஏய்ப்பது சுலபம். பெரியப்பா மகன், பக்கத்து வீட்டுப் பையன் போதும்.

கணக்கில் மார்க் குறைந்தது என்று இந்த இருபது நிமிடத்தை வெட்டாதீர்கள். பேச்சுப் பயிற்சியை யாரும் தண்டனையாக நிறுத்துவதில்லையே.

முடிக்கும்போது "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பது நேரக்கணக்கு பிடிபடாத பிள்ளைக்கு ஒன்றும் சொல்லாது. "இந்த லெவல் முடிஞ்சதும்" என்று தொடங்கும்போதே பேசி வையுங்கள். கட்டிக்கொண்டிருந்த வீடு சேவ் ஆகாமல் போனைப் பிடுங்கினால் அன்று கற்ற பொறுமையெல்லாம் அதோடு போயிற்று.

'இந்த ஆப் ஆடினால் சமூகத் திறன் வளரும்' என்ற விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-ல் எண்டெவர் ஆர்எக்ஸ் என்ற கேமை ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்காக அனுமதித்தது உண்மை. அதுவும் அப்போது 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளின் கவனக் குறைவுக்காக, மருத்துவர் சீட்டோடு. பழகுவதற்காக அல்ல.

கேமே பிடிக்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை வற்புறுத்தி உட்கார வைக்க வேண்டியதில்லை. பரமபதமோ கேரமோ எடுங்கள். அங்கேயும் ஒரு ஆட்டம் முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.