ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு நீங்களே எஸ்டிமேட் போடுவது எப்படி?

வீடு கட்டும் பேச்சு எங்கே எடுத்தாலும் முதல் கேள்வி, "சதுர அடிக்கு என்ன ரேட்?" என்பதுதான். ஒரு காண்ட்ராக்டர் 2,200 என்பார், இன்னொருவர் 2,600 என்பார். இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு யார் மலிவு என்று சொல்லவே முடியாது. முதலாமவர் பேஸ்மென்ட் (மண்ணுக்கு மேலே வீட்டுத் தரைவரை எழும்பும் பகுதி) உயரத்தை ஒன்றரை அடி என்று நினைத்திருக்கலாம். சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், மொட்டை மாடியில் பதிக்கும் தட்டோடு (தட்டை ஓடு) எல்லாவற்றையும் தனிக்கணக்கு என்று பிறகு நீட்டலாம். இரண்டாமவர் அவற்றைச் சேர்த்தே சொல்லியிருக்கலாம்.

எஸ்டிமேட்டில் இரண்டு விஷயங்கள்தான் உண்டு: அளவு, விலை. விலை மாதத்துக்கு மாதம் மாறும். வரைபடம் மாறாதவரை அளவு மாறாது. ஆகவே முதலில் அளவைப் போட்டு நோட்டில் எழுதுங்கள். வேலை ஆரம்பிக்கும் வாரத்தில் உள்ளூர்க் கடைகளில் விசாரித்து விலைப் பத்தியை நிரப்புங்கள். பழைய பில்லைப் பார்த்து விலை எழுதாதீர்கள். உதாரணமாக, சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது.

கீழே உள்ள கணக்கு, தமிழ்நாட்டில் வழக்கமாகக் கட்டப்படும் ஒரு தரைத்தள வீட்டுக்கானது. மனை சுமார் 1,500 சதுர அடி. வீடு 25 அடிக்கு 40 அடி. பில்லர், பீம் கட்டுமானம், இரண்டு படுக்கையறை, பத்தடி உயரம். உங்கள் வரைபடத்தின் நீள அகலங்களை இதே இடங்களில் போட்டுக்கொள்ளலாம்.

தரைக்குக் கீழே

எஸ்டிமேட் பெரும்பாலும் கவிழ்வது இங்கேதான். சுவரும் கூரையும் கண்ணுக்குத் தெரியும், அளக்க முடியும். மண் அப்படியில்லை. பக்கத்து மனையில் வானம் (அடித்தளப் பள்ளம்) எவ்வளவு ஆழம் தோண்டினார்கள், எந்த ஆழத்தில் கெட்டி மண் கிடைத்தது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். பன்னிரண்டு பில்லர், ஒவ்வொரு குழியும் 5 × 5 × 5 அடி என்றால் 1,500 கன அடி தோண்ட வேண்டும். கெட்டி மண் ஓரடி கீழே போனால் இன்னும் 300 கன அடி. அதோடு பன்னிரண்டு பில்லரும் ஓரடி நீளும், கம்பியும் கான்கிரீட்டும் கூடும். விருதுநகர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் சாதாரண அடித்தளம் தாங்காது. மழையில் ஊதி வெயிலில் சுருங்கும் மண் அது. அங்கே பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) போட வேண்டிவரலாம் என்பதால், மண் பரிசோதனை முடிந்த பிறகே எஸ்டிமேட்டைத் தொடங்குங்கள். பரிசோதனைச் செலவை மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம்.

அடுத்தது மண் நிரப்புவது. மனை ரோட்டைவிட ஓரடி பள்ளம், வீட்டுத் தரை ரோட்டைவிட இரண்டரை அடி மேலே வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சுவர்களைக் கழித்து வீட்டின் உட்பரப்பு சுமார் 870 சதுர அடி. மூன்றரை அடி உயரத்துக்கு 3,045 கன அடி, வெளியே மீதமுள்ள 500 சதுர அடிக்கு ஓரடி. மொத்தம் ஏறக்குறைய 3,550 கன அடி. தண்ணீர் விட்டுத் திமிசு போட்டால் (இடித்துக் கெட்டிப்படுத்தினால்) கிராவல் அமுங்கும். அதற்குக் கால் பங்கு கூட்டினால் 44 யூனிட் வரும் (ஒரு யூனிட் 100 கன அடி). இதே மனை ரோட்டு மட்டத்தில் இருந்திருந்தால் 27 யூனிட் போதும். குழியில் தோண்டிய மண் நல்லதாக இருந்தால் அதைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். பள்ள மனையை விலை குறைவு என்று வாங்குபவர்கள் இந்த 17 யூனிட்டையும் மனை விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

செங்கல்

வெளிச்சுவர் சுற்றளவு 130 அடி, பத்தடி உயரம், ஒன்பது அங்குலக் கனம். 1,300 சதுர அடியில் கதவு ஜன்னலுக்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 1,040. அதை 0.75 அடிக் கனத்தால் பெருக்க 780 கன அடி. உள்ளே நாலரை அங்குலச் சுவர் 90 அடி நீளம் என்றால், கதவு போக 765 சதுர அடி, 287 கன அடி. மூன்றடிக் கைப்பிடிச் சுவரை நாலரை அங்குலத்தில் கட்ட இன்னொரு 146. ஆகமொத்தம் 1,213 கன அடி.

9 × 4¼ × 3 அங்குலக் கல்லாக இருந்தால், கலவையோடு சேர்த்துக் கன அடிக்கு 12 பிடிக்கும். சேதாரம் ஐந்து சதவீதத்தோடு 15,300 கல். ஆனால் சூளைக்குச் சூளை அளவு மாறும். உயரம் கால் அங்குலம் சிறுத்த கல் கன அடிக்கு 13 பிடிக்கும். அப்போது எண்ணிக்கை 16,500-ஐத் தாண்டும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசும்போது மலிவாகத் தெரிவது, சுவர் ஏறும்போது காணாமல் போகும். கூடவே கல் வரிசைகளின் எண்ணிக்கை கூடுவதால் கலவையும் கூடும். பத்துக் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி டேப் பிடித்துப் பாருங்கள்: 30 அங்குலமா, இருபத்தேழரையா என்று தெரிந்துவிடும்.

1:6 கலவையில் (ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல்) நூறு கன அடிக் கட்டுக்கு மூன்றரை மூட்டை சிமெண்ட் ஆகும். இந்த வீட்டுக்கு 43 மூட்டை.

கான்கிரீட்டும் கம்பியும்

1,000 சதுர அடிக் கூரை, ஐந்து அங்குலக் கனம்: 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். எம் 20 கலவைக்கு (1:1½:3) ஒரு கன மீட்டருக்கு 8 மூட்டை சிமெண்ட், 15 கன அடி எம் சாண்ட், 30 கன அடி ஜல்லி. கூரைக்கு மட்டும் 95 மூட்டை, 177 கன அடி மணல், 354 கன அடி ஜல்லி. சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகை) மட்டம் சரியில்லாமல் அரை அங்குலம் தொய்ந்தால் கான்கிரீட் பத்து சதவீதம் கூடிவிடும். பில்லர், அடித்தளம், பிளிந்த் பீம் (தரைமட்ட பீம்), லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேலே வரும் பீம்), சன்ஷேடு, மாடிப்படி எல்லாம் சேர்ந்து இன்னும் 15 முதல் 18 கன மீட்டர் வரும்.

கம்பியை, இன்ஜினியர் கொடுக்கும் கம்பி அட்டவணையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். அது கைக்கு வரும்வரை சதுர அடிக்கு மூன்றரை முதல் நான்கு கிலோ என்று எழுதி வையுங்கள். எடை சரிபார்க்க ஒரு எளிய கணக்கு உண்டு: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஏறத்தாழ 10.7 கிலோ. பீஸ் கணக்கில் வாங்கினால் சில கம்பிகளை எடுத்து எடை போடுங்கள். இந்தத் தடிமனில் ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருக்க இந்தியத் தரநிலையே இடம் தருகிறது. அதற்குக் கீழே போனால் திருப்பி அனுப்பலாம்.

மணலை லாரிக்காரர் சொல்லும் யூனிட்டில் நம்பாமல், பாடியின் உள் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி நூறால் வகுங்கள். ஈர மணல் உப்பி நிற்கும், கால் பங்குவரை கூடுதலாகத் தெரியும். காய்ந்ததும் குவியல் இறங்கிவிடும்.

பூச்சு

ஆயிரம் சதுர அடி வீட்டில் பூச்சு எவ்வளவு என்று கேட்டால் பலரும் இரண்டாயிரம், மூவாயிரம் என்பார்கள். வெளிச்சுவரின் உள்பக்கம் 1,040, உள்சுவர் இருபுறமும் 1,530, சீலிங் 1,000, வெளிப்பக்கம் 1,040, கைப்பிடிச் சுவர் இருபுறம் 780, பேஸ்மென்ட் சுற்றிலும் 390. கூட்டினால் 5,780 சதுர அடி. பெயிண்டுக்கும் இதே பரப்புதான், பேஸ்மென்டைக் கழித்துக்கொள்ளலாம். பூச்சுக்கு மட்டும் 55 முதல் 60 மூட்டை சிமெண்ட் போகும். தரை, டைல்ஸ் படுகையையும் சேர்த்தால் மொத்த வீட்டுக்கு 370 முதல் 400 மூட்டை. உங்கள் கணக்கு இதிலிருந்து வெகுதூரம் விலகினால் எங்கோ பெருக்கல் தவறியிருக்கிறது என்று பொருள்.

டைல்ஸ் போடும்போது பாத்ரூம் சுவரை மறந்துவிடுவார்கள். 8 × 5 பாத்ரூமில் ஏழடி உயரத்துக்கு, கதவு போக 165 சதுர அடி. இரண்டு பாத்ரூம் என்றால் 330, இது தரை டைல்ஸில் மூன்றில் ஒரு பங்கு. வாசல்நிலைக்குத் தேக்கு வாங்கினால் 5 × 3 அங்குலக் கட்டை, நான்கு பக்கமும் சேர்த்து 22 அடி: இரண்டேகால் கன அடியைவிடச் சற்று அதிகம். அறுப்புச் சேதாரம் தனி. மின்சாரத்தைச் சதுர அடியில் போடாதீர்கள். அறை அறையாக லைட், ஃபேன், பவர், ஏசி பாயின்டுகளை எண்ணி எழுதுங்கள்.

வீட்டுக்கு வெளியே இருக்கும் வீடு

சம்ப், செப்டிக் டேங்க், போர் (ஆழ்துளைக் கிணறு), மோட்டார், காம்பவுண்டு சுவர், கேட், மேல்நிலைத் தொட்டி, மழைநீர்த் தொட்டி, தட்டோடு. இவை ஒவ்வொன்றுக்கும் தனி வரி போடுங்கள். சம்ப் 6 × 6 × 5 அடி என்றால் 180 கன அடி, சுமார் 5,100 லிட்டர். 1,500 சதுர அடி மனைக்குக் காம்பவுண்டு சுவர் 160 அடி ஓடும், வீட்டு வெளிச்சுவரைவிட நீளம்.

கட்டட அனுமதிக் கட்டணத்தை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு எழுதுங்கள். 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி கிடைக்கிறது. சொந்தக் குடியிருப்பின் கட்டுமானச் செலவு ஐம்பது லட்சத்தைத் தாண்டினால் தொழிலாளர் நல வரி ஒரு சதவீதம் உண்டு (2025 நவம்பர்வரை இந்த வரம்பு பத்து லட்சம்). கட்டும் காலத்துக்கான தற்காலிக மின் இணைப்புக்கு வீட்டு இணைப்பைவிட அதிகக் கட்டணம். போர் முதலில் போடாவிட்டால் க்யூரிங் (கான்கிரீட்டை ஈரமாக வைத்து இறுக விடுவது) முழுக்க லாரித் தண்ணீர்தான்.

கூலியும் பணம் கொடுக்கும் வரிசையும்

கூலிக் காண்ட்ராக்ட் என்றால் சென்ட்ரிங் ஷீட் வாடகை, கலவை மெஷின், கம்பி கட்டும் கூலி, செங்கல் ஏற்றும் கூலி யாருடையது என்று எழுதி வாங்குங்கள். போர்டிகோ, சன்ஷேடு, படிக்கட்டு ஹெட்ரூம் எந்த அளவில் சேரும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். முழுதாகவா, பாதியாகவா என்ற தகராறு கடைசி பில்லில்தான் வெடிக்கும்.

மொத்தத்தோடு எட்டு முதல் பத்து சதவீதம் எதிர்பாராச் செலவாகச் சேருங்கள். மண் பரிசோதனை செய்யாத மனைக்கு அதுவும் போதாது. பிறகு தொகையை பேஸ்மென்ட், லிண்டல், கூரை, பூச்சு, முடிப்பு என்று ஐந்தாகப் பிரியுங்கள். வங்கிக் கடன் வேலை நடந்த அளவுக்குத்தான் தவணையாக வரும், உங்கள் பங்கை முதலில் போடச் சொல்வார்கள். 30 லட்சம்வரை உள்ள கடனில் மதிப்பின் 90 சதவீதம்தான் உச்சவரம்பு. ஆகவே பேஸ்மென்டும் அதற்குக் கீழே உள்ள மண்ணும் உங்கள் கையிருப்பில் முடிய வேண்டும். காண்ட்ராக்டருக்கான கடைசி ஐந்து சதவீதத்தை, ஒரு மழைக்காலம் கடந்து கூரை ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு தருவதாக ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.