விங்கரைத் திட்டுவதற்கு முன்: கால்பந்து ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பவன் நான். கொஞ்ச காலமாக ஒரு புதுக் கூட்டம் மைதானத்துக்கு வருகிறது. சனிக்கிழமை ராத்திரி முழித்திருந்து இங்கிலீஷ் லீக் பார்த்துவிட்டு, மறுநாள் காலை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நம் மேட்ச்சுக்கு வந்து, “விங்கர் உழைக்கவே இல்ல, கோச் பயந்தாங்கொள்ளி, பஸ்ஸை நிறுத்திட்டாரு” என்று ஒரே மூச்சில் தீர்ப்பு சொல்கிறார்கள். விங்கர் என்றால் களத்தின் ஓரமாக ஆடும் முன்கள ஆட்டக்காரர். பஸ்ஸை நிறுத்துவது என்றால் எல்லோரையும் பின்னால் குவித்துத் தடுத்துக்கொண்டே ஆடுவது. அந்த வயதில் நாங்களும் இதே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தோம், வார்த்தைகூட மாறவில்லை. பேசுவதோடு நின்றால் பரவாயில்லை. இவர்களில் சிலர் இப்போது சின்னப் பையன்களின் டீமுக்குக் கோச் ஆகிவிட்டார்கள். அந்தப் பேச்சை வைத்தே ஆளை எடுக்கிறார்கள், அதை வைத்தே வெளியே உட்கார வைக்கிறார்கள்.

ஆஃப்சைடு தெரியாமல் கத்துவது, தோற்றால் ரெஃப்ரியைத் திட்டுவது இதெல்லாம் எல்லா ஊரிலும் உள்ள கூத்து. அதை விட்டுவிடுகிறேன். விங்கரின் உழைப்பு, கோச்சின் தடுப்பாட்டம், இந்த இரண்டைப் பற்றி மட்டும் பேசலாம்.

ஹைலைட்ஸ் பார்த்துவிட்டு உழைப்பைப் பற்றிப் பேசுவது

2023 டூராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று ஜெயித்ததே, அந்த ஒரே கோலை அடித்தவர் நம்ம சென்னைக்கார விங்கர் நந்தகுமார் சேகர். அந்தக் கோல் எல்லோர் போனிலும் இருக்கிறது. மீதி நேரம் முழுக்க அவர் எங்கே நின்றார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

பந்தை மட்டுமே பார்ப்பது

டி.வி. கேமரா பந்தின் பின்னால்தான் போகும். பந்து வலது ஓரத்தில் இருக்கும்போது இடது விங்கர் திரையிலேயே இருக்க மாட்டார். அந்த நேரத்தில் அவர் உள்ளே நகர்ந்து நடுக்களத்தை நெருக்கினாரா, அல்லது கோட்டோரமாக வேடிக்கை பார்த்தாரா என்பதுதான் அவருடைய தடுப்பு வேலையில் பாதி. எதிரணி பந்தை நீளமாக இந்தப் பக்கம் மாற்றும்போது மட்டும் அவர் திடீரென்று திரையில் முளைப்பார். அப்போது இரண்டு அடி தாமதமாக வந்தால், ‘தூங்கிட்டான்’ என்போம்.

மைதானத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இந்தக் கஷ்டம் கிடையாது, முழுக் களமும் கண் முன்னால் இருக்கிறது. ஆனாலும் நம் ஆட்கள் கண்ணையே கேமராவாக்கிக்கொண்டு பந்தின் பின்னால் ஓட்டுகிறார்கள். ஓர் ஐந்து நிமிடம் பந்தை மறந்துவிட்டு, விங்கரையும் அவருக்கு எதிரே இருக்கும் ஃபுல் பேக்கையும் (ஓரத்துத் தடுப்பாளர்; வலது ஓரம் என்றால் ரைட் பேக், இடது ஓரம் என்றால் லெஃப்ட் பேக்) மட்டும் பாருங்கள். முதல் தடவை சலிப்பாகத்தான் இருக்கும்.

“இறங்குடா!” என்று கத்துவது

எனக்கு இன்னும் ஆத்திரம் தீராத விஷயம் இது.

குன்னூர்ப் பக்கம் ஒரு டோர்னமென்ட் ஃபைனல். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் கோச்சாக இருந்தான். அவன் டீமில் இடது விங் ஆடியது தோட்டத்து லைன் வீட்டுப் பிள்ளை. மேடும் பள்ளமும் ஏறி இறங்கியே வளர்ந்த கால், வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். எதிர் டீமின் முழு பலமும் அவர்களுடைய ரைட் பேக்கிடம் இருந்தது. அவன் மேலே ஏறி கிராஸ் போட்டுத்தான் செமி ஃபைனல் வரை எல்லோரையும் சாய்த்திருந்தார்கள்.

நம் கோச் நன்றாக யோசித்திருந்தான். “பந்து அவங்ககிட்ட போனாலும் நீ கீழ வராத. நடுக்கோட்டுக்கு ஒரு அடி நம்ம பக்கம், ஓரமா நில்லு” என்று விங்கரிடம் சொல்லிவிட்டான். சொந்தப் பாதியில் நிற்பவருக்கு ஆஃப்சைடு (எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி நின்று பந்து வாங்கும் தப்பு) கிடையாது. பந்து கிடைத்த நொடியில் அந்த ரைட் பேக்குக்குப் பின்னால் தட்டிவிட்டால் விங்கர் ஓடிப் பிடிக்கலாம். விங்கர் விட்ட இடத்தை அடைக்க, இடது பக்க மிட்ஃபீல்டர் சரிந்து வந்து லெஃப்ட் பேக்கோடு சேர்ந்துகொள்ள வேண்டும். இதை வாரம் முழுக்கப் பழகியிருந்தார்கள்.

முதல் பாதியில் அந்த ரைட் பேக் ஒரு தடவை ஏறினான். பாதி தூரம் போனதும் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தான். பின்னால் நம் பையன் தனியாக நிற்கிறான். பாஸை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பி ஓடினான். அதற்கப்புறம் பாதி முடியும் வரை அவன் நடுக்கோட்டைத் தாண்டவே இல்லை. அவர்களுடைய ஆட்டத்தில் முக்கியமான ஆளை, ஓர் அடிகூட ஓடாமல், நின்ற இடத்திலிருந்தே நம் பையன் கட்டிப்போட்டுவிட்டான். போதாததற்கு, லெஃப்ட் பேக் தூக்கி அடித்த பந்தை விரட்டிப் பிடித்துக் குறுக்கே கொடுத்தான், கோல். 1-0.

மேட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது எதுவும் கண்ணில் படவில்லை. “இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிக்கிறான் பாரு, டிக்கெட் வாங்கிட்டு வந்தவன் மாதிரி!” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். “இறங்குடா! இறங்குடா!” என்று ஒரே கூச்சல். இடைவேளையில் கமிட்டிக்காரர் ஒருவர் நேராகக் களத்துக்குள் வந்தார். டீமுக்கு ஜெர்சி எடுத்துக் கொடுத்தவர். “அந்தப் பையன் ஓடவே மாட்டேங்கிறான். ஒண்ணு இறங்கி ஆடச் சொல்லு, இல்ல வெளிய எடு” என்றார். கோச் சின்னப் பையன். ‘சரிங்கண்ணா’ என்று தலையாட்டிவிட்டான்.

இரண்டாம் பாதியில் விங்கர் இறங்கி வந்து லெஃப்ட் பேக்குக்குப் பக்கத்திலேயே நின்றான். கைதட்டல் கிடைத்தது. ரைட் பேக் ஒரு தடவை எட்டிப் பார்த்தான், பின்னால் பயப்பட ஆள் இல்லை என்று தெரிந்ததும் ஏறினான், ஏறிக்கொண்டே இருந்தான். சரிந்து வர வேண்டிய மிட்ஃபீல்டருக்கு இப்போது போவதா நிற்பதா என்று குழப்பம். ஒருவனைத் தடுக்க மூன்று பேர் ஓரத்தில் முட்டிக்கொள்ள, நடுவில் கதவு திறந்து கிடந்தது. அடித்து வெளியேற்றிய பந்தெல்லாம் உடனே திரும்பி வந்தது, முன்னால் வாங்கி வைக்க ஆளே இல்லையே! இரண்டு கோலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தன. 1-2.

இதில் என்னால் பொறுக்க முடியாதது தோல்வி இல்லை. மேட்ச் முடிந்ததும் அதே கூட்டம், “நான்தான் சொன்னேனே, அவன் உழைக்கல, அதான் போச்சு” என்றது. கமிட்டிக்காரரும் தலையாட்டினார். அடுத்த சீசனில் பையன் வரவில்லை. திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அப்படியென்றால் விங்கர் இறங்கவே கூடாதா? அப்படி இல்லை. 2010 சாம்பியன்ஸ் லீக் செமி ஃபைனலின் இரண்டாவது மேட்ச்சில் பார்சிலோனாவின் மைதானத்தில் இன்டர் மிலானின் தியாகோ மோட்டா 28-வது நிமிடத்திலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். மீதி நேரமெல்லாம் சாமுவேல் எட்டோ கிட்டத்தட்ட ஒரு ஃபுல் பேக்காகவே ஆடினார். அவர் யார்? முந்தைய சீசன் வரை அதே பார்சிலோனாவுக்குக் கோல் அடித்துக் குவித்த ஸ்ட்ரைக்கர். பத்துப் பேரை வைத்துக்கொண்டு இன்டரின் கோச் மொரின்யோவுக்கு அந்த ஓரத்தில் இன்னொரு தடுப்பாளர் தேவைப்பட்டார். அன்று 0-1 என்று தோற்றாலும், முதல் மேட்ச்சில் 3-1 என்று ஜெயித்திருந்ததால், இரண்டு மேட்ச்சின் கோல்களையும் கூட்டி இன்டர் ஃபைனலுக்குப் போய்க் கோப்பையும் வாங்கியது. இதற்கு நேர் எதிர், க்ளாப் கோச்சாக இருந்த காலத்து லிவர்பூல். முகமது சாலாவைப் பெரும்பாலும் மேலேயே விட்டுவிடுவார்கள், வலது பக்க மிட்ஃபீல்டர்தான் சரிந்து வந்து ஓரத்தைப் பார்த்துக்கொள்வார். அவர்களும் 2019-இல் அதே கோப்பையை வாங்கினார்கள். எட்டோவை உழைப்பாளி, சாலாவைச் சோம்பேறி என்று சொல்வதில் அர்த்தம் இருக்கிறதா?

விங்கர் சொன்னபடி நிற்கிறானா, சொன்னதைக் கேட்காமல் நிற்கிறானா என்று வெளியிலிருந்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பந்து எதிரணிக்குப் போன நொடியில் பக்கத்து மிட்ஃபீல்டரைப் பாருங்கள். யாரும் கத்தாமலே அவர் ஓரத்துக்குச் சரிந்தால் அது பழகிய திட்டம். பிடிக்கவில்லை என்றால் கோச்சிடம் கேளுங்கள், பையனை விட்டுவிடுங்கள். மாறாக லெஃப்ட் பேக் கையை விரித்துக் கத்துகிறார், மிட்ஃபீல்டர் அங்கும் இங்கும் பார்க்கிறார், கோச் கோட்டோரம் குதிக்கிறார் என்றால் தப்பு விங்கருடையது. அப்போது தாராளமாகத் திட்டலாம்.

இன்னொன்று. முன்னால் நின்றே செய்யும் தடுப்பு வேலையும் உண்டு. எதிரணி ஸ்டாப்பர் (நடுத் தடுப்பாளர்) பந்தை வைத்திருக்கும்போது விங்கர் நேராக அவரை நோக்கி ஓடினால், ஓரத்தில் இருக்கும் ஃபுல் பேக்குக்குப் பாஸ் சுலபமாகப் போய்விடும். வளைந்து ஓடி, அந்தப் பாஸின் பாதையை முதுகால் மறைத்துக்கொண்டே நெருங்கினால், ஸ்டாப்பர் பந்தை நடுவில்தான் கொடுத்தாக வேண்டும். அங்கே நம் ஆட்கள் காத்திருப்பார்கள். விங்கர் பந்தைத் தொடவே மாட்டார், கைதட்டலும் வராது. என் பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் அதிக நேரம் பிடிக்கிறது.

செவன்ஸ் கண்ணோடு லெவன்ஸ் பார்ப்பது

இது கூடலூர், பந்தலூர் பக்கத்து நண்பர்களுக்கு. மலப்புறம், வயநாடு காற்று வீசுகிற ஊர்கள், செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ரத்தத்தில் ஊறியது. நல்ல ஆட்டம்தான். ஆனால் அங்கே ஆஃப்சைடு கிடையாது, களம் சின்னது, ஒருவன் விட்டதை அடுத்தவன் ரெண்டே எட்டில் போய்ப் பிடித்துவிடலாம். அதனால் அங்கே ஆளோடு ஆள் ஒட்டிக்கொண்டு ஓடுவதுதான் உழைப்பு. பதினொரு பேர் ஆட்டத்தில் அப்படி ஒட்டிக்கொண்டே போனால், எதிரணி விங்கர் உள்ளே நகரும்போது உங்கள் ஃபுல் பேக்கும் கூடவே போய்விடுவார், ஓரம் முழுக்கக் காலி. ஆளை விட்டு இடத்தைக் காக்கும் தடுப்பாட்டத்தைப் பார்த்து ‘மார்க் பண்ணத் தெரியல’ என்று பேசுபவர்களில் பாதிப் பேர் செவன்ஸ் பார்த்து வளர்ந்தவர்கள்.

கிலோமீட்டர் கணக்கை வைத்துச் சண்டை போடுவது

ஆட்டக்காரர் எத்தனை கிலோமீட்டர் ஓடினார் என்பதைவிட எப்போது, எந்தப் பக்கம் ஓடினார் என்று கேளுங்கள்.

பின்னால் நின்று ஆடினாலே பயம் என்று நினைப்பது

2004 யூரோ கோப்பையில் கோச் ஓட்டோ ரேஹாகலின் கிரீஸ் கால் இறுதி, அரை இறுதி, இறுதி மூன்றையும் 1-0, 1-0, 1-0 என்றே முடித்தது. பிரான்ஸ், செக், போர்ச்சுகல், மூன்றுமே அன்று கிரீஸைவிட நல்ல கால்கள் உள்ள அணிகள். பார்க்க அழகாக இருந்ததா என்றால், எனக்கு இல்லை. அது ரசனை. ஆனால் பயந்து ஆடியவர்கள் மூன்று தடவை அப்படி ஜெயிக்க முடியாது.

நல்ல தடுப்பாட்டத்தையும் வெறும் கும்பலையும் எப்படிப் பிரிப்பது? தடுப்பு வரிசைக்கும் நடுக்கள வரிசைக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கினால் கோச்சுக்கு வேலை தெரியும். ஒன்று பாக்ஸுக்குள் ஒடுங்கிக் கிடக்க, மற்றது நடுக்கோட்டில் அலைந்தால், அந்த இடைவெளியில் எதிரணிக்காரன் பாய் விரித்துப் படுக்கலாம். அடுத்து, பந்து கிடைத்ததும் முதல் பாஸ் எங்கே போகிறது என்று பாருங்கள். அதை வாங்க முன்னால் ஆள் இருந்தால் அது பொறி. இல்லையென்றால்தான் நீங்கள் சொல்லும் பஸ்.

விங்கரை எடுத்துவிட்டு டிஃபெண்டரை இறக்கினால் கூச்சலிடுவது

முதலில் எதிரணி யாரை இறக்கியது என்று பாருங்கள்.

மலையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மெக்சிகோ நகரமும் ஏறக்குறைய அதே உயரம்தான். 1970, 1986 உலகக் கோப்பைக்கு அங்கே போனவர்கள் மூச்சைப் பற்றிப் புலம்பினார்கள் என்றால், இங்கே ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்தில் ஆடுபவனுக்கும் அதே காற்றுதான். கடல் மட்டத்தைவிட ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஒரு ஸ்ப்ரின்ட் ஓட முடியும். அடுத்த ஸ்ப்ரின்ட்டுக்குத் தயாராகத்தான் நேரம் பிடிக்கும். விங்கரின் வேலையே ஸ்ப்ரின்ட்தான் என்பதால், அவன் இடுப்பில் கை வைத்து நிற்பதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணமும் இருக்கலாம். அப்புறம், காற்று லேசாக இருப்பதால் தூக்கி அடித்த பந்து கீழ் ஊரைவிட அதிக தூரம் போகும், வளைவதும் குறையும். கோவையில் காலில் விழும் பாஸ் இங்கே கோட்டைத் தாண்டிவிடும். அதைப் பார்த்து ‘எட்டிப் பிடிக்க மனசில்லை’ என்று விங்கரைச் சொல்வது அநியாயம்.

உள்ளூர்க் கோச்சுகள் முதல் பாதியில் பதுங்கி ஆடுவதற்கும் இதுவே காரணம். காலையில் மேட்டுப்பாளையத்தில் டிபன் சாப்பிட்டுவிட்டு வேனில் ஏறி வந்த டீம், முதல் அரை மணி நேரம் புலி மாதிரி பாயும். பாயட்டும் என்று விடுவார்கள். இரண்டாம் பாதி நடுவில் அவர்களுடைய விங்கர் பந்தை இழந்துவிட்டுத் திரும்பி வரும்போது ஓடுகிறானா நடக்கிறானா என்று பாருங்கள். நடக்க ஆரம்பித்துவிட்டான் என்றால், அடுத்த சில நிமிடங்களில் நம் கோச் அந்தப் பக்கத்து ஃபுல் பேக்கை மேலே ஏற்றிவிட வேண்டும். அப்போதும் ஏற்றாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், நானும் உங்களோடு சேர்ந்து கத்துகிறேன்.