சுரங்க நினைவுத் தட்டு: முதல் தட்டைப் பார்த்து வாங்குவது எப்படி?

இங்கிலாந்தின் வடகிழக்கில் ஞாயிறு காலை கார் பூட் சந்தைகள் நடக்கும். வண்டி டிக்கியைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்பார்கள். அங்கே ஏதாவது ஒரு மேசையில், தங்க விளிம்பு வைத்த பீங்கான் தட்டு ஒன்று அநேகமாகக் கண்ணில் படும். நடுவில், ஆட்களையும் கரியையும் சுரங்கத்திலிருந்து மேலே தூக்கும் சக்கரம் வைத்த கோபுரம், சுற்றிலும் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் பெயர், கீழே இரண்டு ஆண்டுகள்: தோண்டியது, மூடியது.

1984 மார்ச்சில் தொடங்கி 1985 மார்ச்சில் முடிந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. இந்தத் தட்டுகளில் அந்தச் சமயத்தில் செய்யப்பட்டவை நிறைய. பெரும்பாலும் சில பவுண்டுகளுக்கே கிடைக்கும், அதனால் புதிதாகச் சேர்ப்பவர் பயப்பட வேண்டாம்.

1. ஒரு சுரங்கத்தைத் தேர்ந்தெடுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளினால் அலமாரிதான் நிறையும். நீங்கள் போய் நின்று பார்க்கக்கூடிய இடமாக ஒன்றைப் பிடியுங்கள். சண்டர்லாந்தின் வேர்மவுத் சுரங்கம் 1993-ல் மூடியது. இன்று அங்கே இருப்பது ஸ்டேடியம் ஆஃப் லைட் கால்பந்து மைதானம். வெளியே பெரிய டேவி விளக்கு (சுரங்கத் தொழிலாளர்களின் பாதுகாப்பு விளக்கு) ஒன்றை நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். இந்த வகை விளக்கின் படம் சில தட்டுகளிலும் இருக்கும்.

2. தட்டைத் திருப்புங்கள்

முன்பக்கப் படத்தைவிடப் பின்பக்க முத்திரைதான் அதிகம் பேசும். ஸ்டோக்-ஆன்-டிரெண்ட் என்று இருந்தால் பீங்கானுக்குப் பேர்போன ஊர். அதுவும் சுரங்க ஊர்தான். அங்குள்ள சாட்டர்லி விட்ஃபீல்டு சுரங்கம் 1937-ல் ஒரே ஆண்டில் பத்து லட்சம் டன் நிலக்கரி எடுத்தது. பழைய பீங்கான் சூளைகள் களிமண்ணைவிடக் கரியைத்தான் அதிகம் விழுங்கின. அதனால் கரி இருக்கும் இடத்துக்குக் கார்ன்வாலிலிருந்து வெள்ளைக் களிமண்ணைக் கொண்டுவந்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. முத்திரையில் இருக்கும் பெயர், தட்டைச் சுட்டவருடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. வெள்ளைத் தட்டை வாங்கிப் படம் ஒட்டிச் சுட்டுக் கொடுத்தவருடையதாகவும் இருக்கலாம்.

முன்பக்கத்தில் உள்ள ஆண்டு சுரங்கத்துடையது, தட்டுடையது அல்ல. தட்டின் வயதுக்கு வேறு துப்பு பாருங்கள். சுரங்கங்கள் 1947 ஜனவரி 1 அன்று தேசிய நிலக்கரி வாரியத்தின் கைக்கு வந்தன. 1987-ல் அந்த வாரியம் 'பிரிட்டிஷ் கோல்' ஆனது. அந்தப் பெயர் தட்டில் இருந்தால் அதற்கு முன்பு செய்திருக்க வாய்ப்பில்லை.

3. வெளிச்சமும் சத்தமும்

தட்டுக்குப் பின்னால் விரல்களை விரித்து, அதற்கும் பின்னால் மொபைல் டார்ச்சைப் பிடியுங்கள். விரல் நிழல் தெரிந்தால் 'போன் சைனா' (bone china) என்ற பீங்கானாக இருக்கலாம். அதில் பாதியளவு எலும்புச் சாம்பல்தான். நிழலே தெரியாவிட்டால் சாதாரண மண்பீங்கான். அதற்காக ஒதுக்காதீர்கள், நான் ஒதுக்குவதில்லை.

அடுத்து, தட்டை விரல்நுனிகளில் ஏந்தி விளிம்பில் நகத்தால் லேசாகச் சுண்டுங்கள். 'டிங்' என்று நீண்டால் நல்லது. 'டொக்' என்று செத்துப் போனால் எங்கோ விரிசல் இருக்கலாம். விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டினால் சின்னச் சில்லுகூடத் தட்டுப்படும்.

4. கழுவுதல்

பிளாஸ்டிக் தொட்டியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய துணி. அவ்வளவுதான். என் முதல் தட்டை டிஷ்வாஷரில் போட்டேன். மூன்றாவது தடவை தங்க விளிம்பு பாதி காணவில்லை, கோபுரத்தின் சக்கரமும் வெளுத்துவிட்டது. படம் மெருகின் மேல் ஒட்டிச் சுட்டது, அது தாங்காது. மைக்ரோவேவும் கூடாது. இவற்றில் சாப்பிடவும் வேண்டாம், பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கலாம்.

5. மாட்டுதல்

கம்பி மாட்டியில் ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் விளிம்பைத் தின்னும். கொக்கிகளுக்கு பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள். ஒட்டும் வட்ட மாட்டி வாங்கினால், முத்திரையை முதலில் படம் எடுத்துக்கொண்டு அப்புறம் ஒட்டுங்கள். ஒருநாள் முழுக்கக் காய்ந்த பிறகே சுவருக்குப் போகட்டும்.

6. கதையைக் கேட்டு வாங்குங்கள்

விலை பேசும் முன் விற்பவரிடம் "இது யாருடையது?" என்று கேளுங்கள். ஒரு பாட்டியிடம் கேட்டேன். "இதில் யாரும் சாப்பிட்டதே இல்லை, எங்க அப்பா தொடவே விட மாட்டார்" என்றார். அப்பா எந்தச் சுரங்கம், என்ன வேலை என்பதையும் அவரே சொன்னார். அதைத் தேதியோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தட்டின் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். பென்சிலில்தான் எழுதினேன், பேனா மை பீங்கானில் ஒட்டிக்கொள்ளும்.