கவுனி அரிசி சீக்கிரம் குழைய

இனிப்பு செய்யக் கவுனி அரிசியை, அதாவது அந்தக் கருப்பு அரிசியைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு சுற்று ஓட்டி ஒன்றிரண்டாக உடைத்துவிடுங்கள். பிறகு ஒரு கப் அரிசிக்கு நான்கு கப் தண்ணீர் அளந்து ஊற்றி ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடே குக்கரில் வையுங்கள். இரவெல்லாம் ஊற வேண்டியது மூன்று நான்கு மணி நேரத்தில் ஊறிவிடும். விசிலும் குறையும், கேஸும் மிச்சம்.

இந்த அரிசியின் தவிடு கெட்டி. அது உடைந்தால்தான் தண்ணீர் உள்ளே இறங்கும். நிறம் முழுக்க அந்தத் தவிட்டில்தான் இருக்கிறது, தண்ணீரில் கரையக்கூடியது. ஊறிய தண்ணீரைக் கொட்டினால் அந்தக் கருஞ்சிவப்பில் ஒரு பகுதி சிங்க்கில் போய்விடும். சர்க்கரையை மட்டும் அவசரப்பட்டுப் போடாதீர்கள். விரலால் நசுக்கினால் மசிகிற அளவு வெந்த பிறகுதான் சர்க்கரை, நெய், தேங்காய்த்துருவல், ஏலக்காய் எல்லாம். இனிப்பு முதலிலேயே சேர்ந்தால் அரிசி நறுக் நறுக்கென்றே நின்றுவிடும், பிறகு எத்தனை விசில் விட்டாலும் பயனில்லை.

செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தியில் சின்ன வயதில் சாப்பிட்ட, முழு மணி பல்லில் படும் பதம்தான் வேண்டும் என்றால் உடைக்கக் கூடாது. முதல் நாள் இரவே ஊறப்போடுவதுதான் வழி. பாக்கெட்டில் ரவையாக வரும் கவுனியையும் உடைக்கத் தேவையில்லை. அதற்கு நான்கு கப் தண்ணீர்கூட அதிகமாகலாம், கொஞ்சம் குறைத்து ஊற்றிப் பாருங்கள்.