லேப்டாப்பில் அலாரம் வைப்பது எப்படி?

விண்டோஸ் 11 லேப்டாப்பில் அலாரத்துக்காகப் புதிதாக எதையும் தரவிறக்க வேண்டாம். 'கிளாக்' என்ற செயலி அதிலேயே இருக்கிறது. விண்டோஸ் 10-இல் அதன் பெயர் 'அலாரம்ஸ் அண்ட் கிளாக்'.

நாளை தட்கல் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லீப்பர் வகுப்புக்கு முன்பதிவு காலை 11 மணிக்குத் தொடங்கும். ஆகவே 10.50-க்கு அலாரம் வைப்போம்.

படி 1: ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, கிளாக் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து செயலியைத் திறங்கள். இடப்பக்கப் பட்டியலில் 'அலாரம்' என்பதைச் சொடுக்குங்கள்.

படி 2: கீழே வலது மூலையில் இருக்கும் கூட்டல் குறியை அழுத்தினால் சிறு பெட்டி ஒன்று திறக்கும். அதில் நேரத்தைக் குறியுங்கள். ஏஎம், பிஎம் இரண்டில் எது இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பெயர் கேட்கும் இடத்தில் 'தட்கல்' என்று தமிழிலேயே எழுதலாம்.

படி 3: 'ரிப்பீட்' கட்டத்தில் டிக் வேண்டாம், இது ஒருநாள் வேலை. தினமும் மாத்திரை சாப்பிடுவதற்கு என்றால் டிக் செய்து கிழமைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒலியை முன்கூட்டியே கேட்டுப் பார்க்க அதன் அருகிலேயே பொத்தான் உண்டு. 'ஸ்னூஸ்' நேரம் 5 நிமிடம் முதல் 1 மணி நேரம் வரை இருக்கிறது. தட்கலுக்கு அதை முடக்கிவிடுவதே நல்லது. ஒரு முறை தள்ளிப்போட்டால் வெயிட்டிங் லிஸ்ட்தான். பிறகு 'சேவ்' கொடுங்கள்.

சேமித்ததும் அலாரம் அடிக்க இன்னும் எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்று அங்கேயே காட்டும். இரவு 9 மணிக்கு உட்கார்ந்து வைத்தவருக்கு 13 மணி 50 நிமிடம் என்று வர வேண்டும். வெறும் 1 மணி 50 நிமிடம் என்று வந்தால் பிஎம் விழுந்திருக்கிறது.

படி 4: பலரும் கோட்டை விடுவது இங்கேதான். செயலியை மூடினாலும், திரையைப் பூட்டினாலும் அலாரம் அடிக்கும். ஆனால் லேப்டாப் 'ஸ்லீப்' நிலைக்குப் போய்விட்டால் பெரும்பாலும் அடிக்காது. அணைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதனுள் 'பவர் அண்ட் பேட்டரி' பகுதிக்குப் போங்கள். சார்ஜரில் இருக்கும்போது எவ்வளவு நேரத்தில் ஸ்லீப்புக்குப் போக வேண்டும் என்ற இடத்தில் 'நெவர்' வையுங்கள். சார்ஜரைச் செருகியே வையுங்கள். மூடியையும் மடக்காதீர்கள், வழக்கமாக, மடக்கினாலே லேப்டாப் உறங்கிவிடும்.

ஒலி 'மியூட்'டில் இல்லையே என்று பாருங்கள். புளூடூத் இயர்போன் இணைப்பில் இருந்தால் சத்தம் மேசைமேல் கிடக்கும் அந்த இயர்போனுக்குள்ளேயே அடங்கிவிடக்கூடும். கடிகாரமே தவறாக ஓடினால், செட்டிங்ஸில் நேர மண்டலத்தைச் சரிபாருங்கள். இந்திய நேரத்துக்கான வரியில் முதலில் வருவது சென்னைதான்!

விடியற்காலை ரயிலைப் பிடிக்க எழ வேண்டும் என்றால் செல்போனையே நம்புங்கள். லேப்டாப் அலாரம், அதன் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கே உதவும். டிக்கெட் எடுத்து முடித்ததும் ஸ்லீப் நேரத்தைப் பழையபடி மாற்றிவிடுங்கள்.