மினசோட்டா குளிரில் முதல் ஸ்கீ: கிராஸ் கன்ட்ரி பழகும் முறை

டிசம்பர் வந்ததும் வீட்டுக்குள் முடங்கும் மினசோட்டா நண்பர்களிடம் நான் சொல்வது இதுதான்: கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் (நீண்ட பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு பனித்தடத்தில் சறுக்கிப் போவது) பழகுங்கள். மலையும் வேண்டாம், லிஃப்ட் டிக்கெட்டும் வேண்டாம். மினியாபொலிஸில் தியோடர் வர்த் பூங்கா, புளூமிங்டனில் ஹைலண்ட் லேக் பூங்கா இரண்டுமே ஆரம்பக்காரர்களுக்கு அருமையான இடங்கள். வாடகைக்கு ஸ்கீ கிடைக்கும். செயற்கைப் பனியும் போடுகிறார்கள். 2024 பிப்ரவரியில் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது தியோடர் வர்த்தில்தான். பக்கத்து ஆஃப்டனில் வளர்ந்த ஸ்கீ வீராங்கனை ஜெஸ்ஸி டிகின்ஸ் சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் ஓடினார். அதே தடத்தில் நாமும் போகலாம்.

போகுமுன் பாஸ் வாங்கிவிடுங்கள். மாநிலத் தடங்களில் 16 வயது முதல் ‘கிரேட் மினசோட்டா ஸ்கீ பாஸ்’ வேண்டும். நகரப் பூங்காக்களின் பாஸ் வேறு.

உடையில் ஜீன்ஸும் பருத்தி பனியனும் கூடவே கூடாது. வியர்வையில் நனைந்தால் காயாது, நின்றதும் உடம்பு விறைத்துவிடும். உள்ளே மெரினோ கம்பளி, மேலே காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் போதும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. முதல் நாளுக்கு 20 டிகிரி ஃபாரன்ஹீட் அருமை. பூஜ்யத்துக்குக் கீழே போனால் பனி மணல் மாதிரி ஆகி, ஸ்கீ வழுக்காது.

கடையில் ‘மெழுகு தேவையில்லாத கிளாசிக் ஸ்கீ’ என்று கேளுங்கள். அடியில் மீன் செதில் போல வரி இருக்கும். பக்கவாட்டில் உந்திப் போகும் ஸ்கேட் ஸ்கீ பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.

இனி, பலரும் திணறும் இடம்: பூட்ஸை மாட்டுவது. பூட்ஸின் முனையில், அடிப்பக்கம் ஒரு சிறு உலோகக் கம்பி இருக்கும். அது ஸ்கீயின் கவ்வியில் ‘டக்’ என்று உட்கார வேண்டும். பார்க்கிங்கிலிருந்து நடந்து வருவதற்குள் கம்பியைச் சுற்றிப் பனி இறுகிவிடும். எவ்வளவு அழுத்தினாலும் மாட்டாது. மாட்டியது போலத் தெரிந்தாலும் நாலு அடியில் கழன்றுவிடும். கையில் பிடிக்கும் ஊன்றுகோலான ‘போல்’ (pole) இருக்கிறதே, அதன் கூர்முனையால் அந்தப் பனியைக் கிளறி எடுங்கள், கவ்வியின் குழியையும் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் குதிகாலைத் தூக்கி, விரல் பக்கத்தை மட்டும் நேர்கீழாக அழுத்துங்கள். மாட்டியதும் காலைத் தூக்கிப் பாருங்கள். ஸ்கீ கூடவே வர வேண்டும்.

நகரும்போது முழங்காலை லேசாக மடக்கி, முழு எடையையும் ஒரே காலில் போடுங்கள். ஸ்கீயின் நடுப்பகுதி வில்லாக வளைந்திருப்பதால், எடை இறங்கினால்தான் வரி பனியைப் பிடிக்கும். பின்னால் வழுக்கினால், எடை பாதி பாதியாக நிற்கிறது என்று அர்த்தம்.

விழுந்தால் முதலில் தடத்தை விட்டு விலகுங்கள். இரண்டு ஸ்கீயையும் ஒரே பக்கம், சரிவுக்குக் குறுக்காக வைத்து, முட்டி போட்டு எழுங்கள். ‘போலை’ ஊன்றித் தொங்காதீர்கள்.

பின்சேர்க்கை: ஃபோன் திடீரென அணைந்துபோவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். ஃபோனை ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில், உடம்பை ஒட்டி வையுங்கள். இன்னொன்று, மூக்கு நுனியோ காதோ வெளுத்து மரத்துப்போனால் உடனே உள்ளே போய்விடுங்கள். பனியைத் தேய்க்கவே கூடாது.